பெயரில்லாக் கொசுவும் பீரோ கதவும்

மார்ச் 3 – 4,983
மார்ச் 4 – 4,986
மார்ச் 5 – 4,986
மார்ச் 6 – 4,986
மார்ச் 7 – 0

இது பணக் கணக்கு அல்ல, கைகளின் கணக்கு. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "வலிக்குமா?" என்று கேட்டிருக்கிறார். ஐந்து வருடம் ஏழு மாதம், காலைக்கு மூன்று வீடு என்று ஏறி இறங்கிச் சேர்த்தது, மார்ச் ஏழாம் தேதி பகல் பதினொன்று இருபதுக்கு முட்டையானது. அந்த முட்டையை இட்டவளும் அவளேதான்.

வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. பயிற்சிக் காலத்திலேயே அவளுக்குக் கொசு என்று பெயர் விழுந்துவிட்டது. குத்தியது தெரியாது, போன பிறகுதான் அரிக்கும். பட்டப்பெயர் வைத்த ஆசிரியர் அடுத்த ஆண்டே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பெயர் மட்டும் மாற்றல் வாங்காமல் இங்கேயே தங்கிவிட்டது. புருஷன் கூப்பிடுவதும் அப்படித்தான். அவன் தரைக்கு டைல்ஸ் பதிப்பவன். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ராத்திரிச் சோறு இறங்காது. வீட்டில் மூன்றாவது ஆள் அவன் தங்கை. பேருந்தில் திடீரென்று ஏறி டிக்கெட் கேட்கும் பரிசோதகர். வீட்டுக்கு வந்த பிறகும் பாதி உத்தியோகத்தில்தான் இருப்பாள்.

கொசுவுக்கு நாற்பத்து நான்கு வயது. இடது முழங்காலுக்கு மட்டும் எழுபது. கால் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே மாடிப்படி ஏறாதீங்க" என்றார்.

"என் வேலையே மாடிப்படிதான் டாக்டர்."

"வேலையை மாத்திக்குங்க."

"காலை மாத்த முடியாதா?"

"முடியும். அது இன்னும் கஷ்டம்."

தரைத் தளத்தில் இருப்பவர்களுக்கு நோயே வருவதில்லை என்பது அவள் ஐந்தரை வருட ஆராய்ச்சியின் முடிவு. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் மூன்றாவது மாடிக்கு மேலேதான் குடியிருக்கின்றன. அதுவும் லிஃப்ட் இல்லாத கட்டடமாகப் பார்த்து.

அந்த நேரத்தில்தான் கம்பெனி ஓர் அறிவிப்பு ஒட்டியது. ஏப்ரல் 30-க்குள் ஐயாயிரம் வீட்டு வருகைகளை முடிப்பவருக்கு அலுவலகத்திலேயே, ரத்த மாதிரி எடுக்கும் அறையில், நிரந்தர இடம். அங்கே நோயாளி நடந்து வருவார். எடுப்பவர் உட்கார்ந்திருப்பார். சக்கரம் வைத்த நீல நாற்காலி. கொசு ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதில் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக்கூட வந்திருந்தாள். மார்ச் நான்காம் தேதி மீதி பதினான்கு வருகை. ஐந்தே நாள் வேலை. வெண்ணெய் திரண்டு வந்தது.

தாழியை உடைத்தது ஆப். அன்று மாலை கம்பெனியின் ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு எல்லாரையும் வெளியே தள்ளியது. பழையபடி போன் எண்ணைப் போட்டு நுழைய முடியாது. போனிலே ஏற்கெனவே இருக்கிற சமூக வலைக் கணக்கின் பொத்தானை அழுத்தித்தான் நுழைய வேண்டும். அழுத்தினாள். உள்ளே விட்டது. எண்ணிக்கை 4,986 அப்படியே இருந்தது. அவள் படம் இருந்த இடத்தில் மட்டும் முகமில்லாத சாம்பல் நிறத் தலை ஒன்று உட்கார்ந்திருந்தது. பெயர்க் கட்டம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தாள். தட்டச்சு செய்ய விடவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு மூன்றாம் மாடி. ஓய்வுபெற்ற பாஸ்போர்ட் அதிகாரியின் வீடு. முப்பத்து நான்கு வருடம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தவர். மணி அடித்தாள். கதவின் துளையில் ஒரு கண் வந்தது.

"யாரு?"

"நான்தான் சார். ரத்தம் எடுக்க."

"போன்ல மெசேஜ் வந்திருக்கு. 'உங்கள் ரத்த மாதிரியை எடுக்க' அப்படின்னு போட்டு, கொஞ்சம் இடம் விட்டு, 'வருகிறார்'னு முடியுது. யாரு வர்றாங்க?"

"நான்தான் சார் வர்றேன்."

"உங்களை எனக்குத் தெரியும்மா. அஞ்சு வருஷமா வர்றீங்க. போன போன தடவை முட்டி வலின்னு என் வீட்டுத் தைலத்தைப் பாதி காலி பண்ணீங்க. ஆனா போன்ல இருக்கிற ஆளை எனக்குத் தெரியாதே."

"ரெண்டும் ஒரே ஆளு சார்."

"அதை யாரு சொல்றது?"

"நான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் அவர். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி, "பாவம், மூணு மாடி ஏறி வந்திருக்காங்க, தண்ணியாவது குடுங்க" என்றார். சங்கிலி மாட்டிய இடைவெளியில் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. குடித்து முடித்ததும் டம்ளர் உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது.

மற்ற இரண்டு வீட்டில் திறந்தார்கள், எடுத்தாள். ஆனால் எண்ணிக்கை ஏறவில்லை. எடுத்தவர் பெயர் காலியாக இருந்தால் ஆப் அந்த வருகையைச் சேர்ப்பதில்லை. ஆறாம் தேதியும் அதே கதை. ஒரு வீடு திருப்பி அனுப்பியது, இரண்டு வீடு கை நீட்டியது. எண்ணிக்கை 4,986-ல் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. அறுபத்தெட்டுப் படி ஏறியது முழங்கால் மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

உதவி மையத்துக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம் மேடம், உங்க பேரு சொல்லுங்க."

"அதைத்தாங்க காணோம்."

"புரியலை மேடம்."

"ஆப்ல என் பேரு காணாமப் போச்சு. அதுக்குத்தான் போன் பண்றேன்."

"கண்டிப்பா பதிவு பண்றேன் மேடம். உங்க கணக்குல இருக்கிற பேரு என்ன?"

"கணக்குல பேரு இல்லைங்கிறதுதாங்க புகார்."

"பேரு இல்லாம புகார் எடுக்க முடியாது மேடம்."

"பேரு இருந்தா நான் ஏங்க புகார் குடுக்கப் போறேன்?"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றாள் அந்தப் பெண். முதல் உதவியே வராதபோது வேறு உதவி எதற்கு என்று கொசு வைத்துவிட்டாள்.

இனிமேல் நடந்ததற்கு ஆப்பைக் குறை சொல்ல முடியாது. அவள் தொழிலில் எல்லா விதிக்கும் தலையாய விதி ஒன்று உண்டு. பெயர் ஒட்டாத டியூப் கையில் கிடைத்தால், அது யாருடைய ரத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தாலும், அப்புறமாகப் பெயர் எழுதி ஒட்டக் கூடாது. எறிந்துவிட வேண்டும். மறுபடி போய், மறுபடி மன்னிப்புக் கேட்டு, மறுபடி குத்த வேண்டும். பெயரில்லாத டியூப்பைக் காப்பாற்ற நினைத்த ஒருத்தி வேலை போய், இப்போது பூக்கடையில் நிற்கிறாள். இது கொசுவின் எலும்பில் ஊறிய பாடம்.

ஏழாம் தேதி ஆப் அவளுக்கு வீடே ஒதுக்கவில்லை. பகல் அதன் அமைப்புகளுக்குள் நுழைந்து, கடைசி வரியில் சிவப்பு எழுத்தில் இருந்த "கணக்கை நீக்கு" என்பதைக் கண்டாள். பெயரில்லாத டியூப், எறி, மறுபடி எடு. "நிச்சயமாகவா?" என்று ஆப் இரண்டு முறை கேட்டது. ஐயாயிரம் கையில் நரம்பு தேடியவளுக்கு நிச்சயத்துக்கு என்ன பஞ்சம்? இரண்டு முறையும் ஆமாம் என்றாள்.

மறுபடி பொத்தானை அழுத்தி உள்ளே போனாள். அதே சாம்பல் தலை. அதே காலிக் கட்டம். கீழே ஒரு வரி புதிது. வருகைகள்: 0. நிலை: பயிலுநர்.

பேருந்துப் பரிசோதகர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது அண்ணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி, யாரு செத்தா?"

"நான்தான்."

விவரம் கேட்டதும் நாத்தனார் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டாள். "இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடி டிக்கெட்டைக் கிழிச்சு ஜன்னல் வழியா போட்டிருக்கீங்க."

"பேரில்லாத டியூப்பை எறியணும்."

"நீங்க எறிஞ்சது டியூப் இல்லை அண்ணி. ஃப்ரிட்ஜோட எறிஞ்சிருக்கீங்க."

திங்கட்கிழமை, பத்தாம் தேதி, கொசு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எல்லாருக்கும் அவளைத் தெரியும்; ஆப்புக்குத்தான் தெரியாது. ஆப்பைக் கவனிக்கும் ஆள் ஒரு மூலையில் இருந்தான். எப்போதும் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பதால் அலுவலகத்தில் அவனுக்கு ஹெட்போன் என்றே பெயர். மூன்று முறை கூப்பிட்டு, நான்காம் முறை அதைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அவன் திரையைப் பார்த்தான், முகம் வெளுத்தது, பிறகு விளக்கினான். "அக்கா, நீங்க பொத்தானை அழுத்துறப்போ அந்தச் சமூக வலைக் கம்பெனிக்காரன் உங்க பேரை நமக்குச் சொல்லுவான். ஆனா முதல் தடவை மட்டும்தான் சொல்லுவான். ரெண்டாம் தடவை 'அதே ஆளு' அப்படின்னு மட்டும் சொல்லுவான். முதல் தடவை சொன்னப்போ நம்ம ஆப் வாங்கி வைக்கலை."

"ஏன் வைக்கலை?"

"நாந்தான் மறந்துட்டேன்."

"கல்யாண வீட்டுல ஒருத்தரை அறிமுகம் பண்ணி வைக்கிறாங்க. நீ காதுல ஹெட்போன் மாட்டியிருந்தே. அதானே?"

"அதேதான் அக்கா."

"கணக்கை அழிச்சா மறுபடி சொல்ல மாட்டானா?"

"இங்க அழிச்சா அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் போய் உறவை வெட்டணும். அப்பத்தான் புதுசா அறிமுகம் பண்ணுவான்."

அவள் போனை வாங்கி, சமூக வலைக் கணக்கின் அமைப்புகளுக்குள் எங்கெங்கோ போய், கம்பெனி ஆப்புக்குக் கொடுத்திருந்த அனுமதியைப் பிடுங்கினான். தன் பக்கத்துப் பிழையையும் திருத்தினான். பொத்தானை அழுத்தச் சொன்னான். சாம்பல் தலை மறைந்து அவள் படம் வந்தது. பெயர்க் கட்டத்தில் எழுத்து விழுந்தது.

அண்ணி.

"இதென்ன அக்கா?" என்றான் ஹெட்போன்.

போனை வாங்கிய அன்றைக்கு அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது நாத்தனார். உடனே அவளுக்குப் போன் போட்டாள். ஓடும் பேருந்தின் இரைச்சலுக்குள்ளிருந்து பதில் வந்தது: "பேரு என்னன்னு கேட்டுச்சு. வேற என்னன்னு போடுவேன்? நான் உங்களை அப்படித்தானே கூப்பிடுறேன்! யோவ், டிக்கெட் எங்கே?" கடைசி வாக்கியம் அண்ணிக்கு அல்ல.

பெயரை மாற்ற வேறொரு விண்ணப்பம், இருபது நாள் ஆகும் என்றான் ஹெட்போன். "வேண்டாம்ப்பா" என்றாள் கொசு. "காலியா இருக்கிறதுக்கு இது மேல். என் 4,986 எங்கே?"

அவன் மறுபடி வெளுத்தான். "டியூப் நம்பர் எல்லாம் எங்ககிட்ட இருக்கு அக்கா. எந்த ஆளோட ரத்தம்னும் இருக்கு. யாரு எடுத்தாங்க அப்படிங்கிறதுதான் கணக்கோட போயிடுச்சு. அந்த நம்பரெல்லாம் நீங்கதான் எடுத்தீங்கன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

கொசு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருந்தது. சொன்னால் வேலை கிடைக்கலாம், அல்லது இருக்கிறதும் போகலாம்.

ஒவ்வொரு வருகைக்கும் ஒரு ஸ்டிக்கர் தாள் கொடுப்பார்கள். பெயரும் எண்ணும் உள்ள நான்கு பெரிய ஸ்டிக்கர்கள் டியூப்களுக்கு. எண்ணும் தேதியும் மட்டும் உள்ள சின்னது ஒன்று, முன்பு காகித விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக. காகிதம் ஒழிந்த பிறகும் அந்தச் சின்ன ஸ்டிக்கர் ஒழியவில்லை. அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கிழிக்கும் இயந்திரத்தில் போட வேண்டும் என்பது விதி. இயந்திரம் இருந்தது இரண்டாவது மாடி. அதற்காக இன்னொரு முறை படி ஏறுவதா என்று முதல் நாள் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் பீரோ கதவின் உட்புறம் ஒட்டினாள். மறுநாளும் ஒட்டினாள்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கோணல்மாணலைப் பார்த்த புருஷனுக்குத் தாங்கவில்லை. "ஒட்டுறதுதான் ஒட்டுறே, வரிசையா ஒட்டித் தொலையேன்" என்று நூல் பிடித்துக் கோடு போட்டுக் கொடுத்தான். வரிசைக்குப் பன்னிரண்டு கட்டம், ஒரு கட்டத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பத்து. ஐந்து வருடம் ஏழு மாதமாக ஒரு ஸ்டிக்கர்கூடத் தவறவில்லை.

"விதியை மீறினதுக்கு அத்தாட்சியைக் கொண்டு போய் நீட்டிட்டு, நாற்காலி குடுன்னு கேக்கறதா?" என்றாள் கொசு அன்று மாலை.

"உரிச்சு எடுத்துட்டுப் போகலாம்" என்றாள் நாத்தனார்.

"உரிச்சா கிழியும். வரிசை போயிடும்" என்றான் புருஷன். வரிசை போவதைவிட வேலை போவது மேல் என்ற குரலில் சொன்னான். பிறகு திருப்புளியை எடுத்துப் பீரோ கதவையே கழற்றத் தொடங்கினான்.

மார்ச் 12, புதன்கிழமை, முதல் கடிதம் வந்தது. "அன்புள்ள பயனருக்கு, உங்கள் கணக்கு வெற்றிகரமாக நீக்கப்பட்டது. எங்களோடு பயணித்ததற்கு நன்றி." நாத்தனார் அதை வாங்கிப் பார்த்து, "நல்லவேளை, சாவு எடுத்ததும் நன்றி சொல்லியிருக்காங்க" என்றாள்.

மேலாளர் நேரம் ஒதுக்கியது 19-ஆம் தேதி. ஆறடி இரும்புக் கதவை ஒரு சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி, அது ஆடாமலிருக்கப் புருஷன் அதன்மேலே உட்கார்ந்துகொண்டு வந்தான். மேலாளர் அறை இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. கதவு படி வழியே போனது, முன்னால் புருஷன், பின்னால் ஹெட்போன், அதற்கும் பின்னால் ஒவ்வொரு படியாகக் கொசு. வழியில் பார்த்த காவலாளி, "ஆபீஸ்ல பீரோ வாங்கறதைத் தவணையில ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றார்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இது என்ன?"

"நான் போன வீடுங்க சார்."

"இதையெல்லாம் கிழிச்சிருக்கணுமே. நோயாளி விவரத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது எவ்வளவு பெரிய விதிமீறல், தெரியுமா?"

கொசு வாயைத் திறக்குமுன் ஹெட்போன் குனிந்து பார்த்தான். ஹெட்போன் இல்லாமல் அவன் காது சிவந்திருந்தது. "சார், இதுல நோயாளி விவரமே இல்லை. நம்பரும் தேதியும்தான். ஒரு பேருகூடக் கிடையாது."

மேலாளரும் குனிந்து பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பேர் இல்லாததாலே தப்பிச்சீங்க" என்றார்.

"அதனாலேதான் சார் மாட்டிக்கிட்டேன்" என்றாள் கொசு.

ஹெட்போன் கதவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஓரம் ஓரமாகத் தூக்கி எண்ணினான். இரண்டு முழு நாள் ஆயிற்று. நாற்பத்தொரு வரிசை முழுசாக. நாற்பத்திரண்டாவதில் ஏழு கட்டம் முழுசு, எட்டாவது கட்டத்தில் ஒன்று. ஆக 4,991. எண்களைக் கம்பெனிப் பதிவோடு ஒத்துப் பார்த்தான். 4,990 ஒத்துப்போயின. ஒன்று ஒத்துப்போகவில்லை. மேலாளர் புருவத்தை உயர்த்தினார். ஒன்று பொய்யென்றால் எத்தனை பொய்யோ?

"பதினேழாம் வரிசை, மூணாவது கட்டமா?" என்று கேட்டாள் கொசு.

ஹெட்போன் பார்த்தான். "ஆமா அக்கா."

"அது என் வீட்டுக்காரர் சர்க்கரை. கம்பெனிக்குச் சொல்லாம ஒரு தடவை பார்த்தேன். கம்பெனி பதியாம வீணாப் போன தாள் அது."

"எவ்வளவு இருந்துச்சு?" என்றார் மேலாளர், விசாரணையை மறந்து.

"இருந்தது சார்" என்றான் புருஷன் சுருக்கமாக.

ஆக 4,990. பெயரில்லாமல் அலைந்த இரண்டு நாளில் ஆப் விழுங்கிய நான்கு வருகைகளையும் கதவு விழுங்காமல் வைத்திருந்தது. மேலாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "மேலிடத்துக்கு அனுப்பறேன்" என்றார். கதவும் அத்தாட்சி என்பதால் அலுவலகத்திலேயே நின்றது. வீட்டில் பீரோ ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தன் புடவை தெரிகிறது என்று நாத்தனார் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினாள்.

மேலிடம் மேலேயே இருந்தது. கணக்கை நீக்கிய நாளிலிருந்தே அவளுக்கு வீடு ஒதுக்குவது நின்றிருந்தது; முடிவு வரும்வரை அது தொடங்காது என்றார்கள். மார்ச் போனது, ஏப்ரலும் ஏறக்குறையப் போனது. ஏப்ரல் 24, வியாழன், இரண்டாம் கடிதம் வந்தது. 4,990 ஏற்கப்பட்டது, நாளை முதல் மறுபடி வீடுகளுக்குப் போகலாம், பயிலுநர் நிலை மே 1 முதல் நீங்கும். பயிலுநருக்கு ஒரு நாளைக்கு இரண்டு வீடுதான். ஞாயிறு விடுமுறை. 25, 26, 28, 29, 30. ஐந்து நாள், பத்து வீடு. வேண்டியதும் பத்து. ஒரு வீடு கதவைத் திறக்காவிட்டால் நாற்காலி இல்லை.

ஒன்பது வீடும் திறந்தன. சிலர் வாசலிலேயே சிரித்தார்கள். "உங்கள் ரத்த மாதிரியை எடுக்க அண்ணி வருகிறார்" என்று போனில் வந்தால் யார்தான் சிரிக்காமல் இருப்பார்? ஒருத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணி, மெதுவா" என்றார். அவருக்கு வயது எண்பத்திரண்டு.

முப்பதாம் தேதி பத்தாவது வீடு. மூன்றாம் மாடி. பாஸ்போர்ட் அதிகாரி.

முதல் மாடியில் நின்றாள். இரண்டாம் மாடியில் உட்கார்ந்தாள். மூன்றாம் மாடியில் மணி அடித்தபோது முழங்கால் தனியாக நடுங்கியது. துளையில் கண் வந்தது. சங்கிலி போட்டபடியே கதவு மூன்று விரல் திறந்தது. ஒரு கை போனை நீட்டி, திரையை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தது.

"இடது காதைக் காட்டுங்க."

காட்டினாள்.

"படம் ஒத்துப்போகுது. பேருதான் இடிக்குது. அண்ணின்னு ஒரு பேரா? எனக்கு அண்ணனே கிடையாதும்மா. நான்தான் வீட்டுக்கு மூத்தவன்."

"கூப்பிடுறவங்க இருக்காங்க சார்."

"யாரு?"

"என் நாத்தனார். பஸ்ல டிக்கெட் செக் பண்ற உத்தியோகம். வேணும்னா போன்ல பேசுங்க."

அவர் உண்மையிலேயே பேசினார். உள்ளே நடந்தது பாதிதான் கேட்டது. "ஆமாம்மா... என்ன உறவு?... அண்ணன் பேரு கேக்கலை, சம்பந்தம்தான் கேக்கறேன்... அடையாள எண்ணா? என்னோடதா? ஏம்மா, நான்தானே உங்களை விசாரிக்கிறேன்?" நான்கு நிமிடம். மனுஷன் முப்பத்து நான்கு வருடத்தில் முதல்முறையாகக் கூண்டுக்கு வெளியே நின்றார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"போதும், நம்பறேன். உள்ள வாங்க அண்ணி."

"உங்க கொழுந்தன்னு நினைச்சுக் குத்துங்க" என்றார் அவர் மனைவி உள்ளேயிருந்து.

ரத்தம் எடுத்தாள். போனில் 5,000 விழுந்தது. சின்ன ஸ்டிக்கர் கையில் மிஞ்சியது. ஒட்டக் கதவு இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள்.

கடைசிக் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் வாசலில் நின்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க அண்ணின்னு யாரு?"

"எனக்குத்தான் அண்ணி. லெட்டர் அவங்களுக்கு" என்று நாத்தனார் வாங்கி உடைத்தாள். "திருமதி அண்ணி அவர்களுக்கு" என்று தொடங்கியது. மே 12 முதல் மாதிரி எடுக்கும் அறை, இரண்டாம் எண் இருக்கை. கீழே மேலாளரின் கையெழுத்து. அதற்கும் கீழே, தங்களுக்குச் சொந்தமான பீரோ கதவு ஒன்று நடைபாதையை அடைத்துக்கொண்டிருப்பதால் ஏழு நாட்களுக்குள் எடுத்துச் செல்லவும் என்று ஒரு வரி.

"சக்கரம் வைச்ச நாற்காலிதானே?" என்றான் புருஷன். "கதவை அதுலயே வைச்சுத் தள்ளிட்டு வந்துடு."

கடிதம் வந்த தேதி மே 9, வெள்ளிக்கிழமை. நாற்காலிக்கு இன்னும் மூன்று நாள்.